பாலைவனத்துப் புல்லும் பூச்சோங் வீட்டு வாசலும்

"பாலைவனத்துலயே வளருதாம்டா. நம்ப பூச்சோங்குல வளராதா?"

தோழர் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. மொழிக் கழக நிகழ்ச்சிகளுக்கு இருவரும் சேர்ந்து நாற்காலி அடுக்கிய காலத்திலிருந்தே நட்பு. பூச்சோங்கில் அவர்களுக்கு ஒரு மூலை வீடு. பக்கவாட்டில் இருபது அடி அகலமும் நாற்பது அடி நீளமுமாகக் காலி நிலம். தங்கையின் நிச்சயதார்த்தத்தை மண்டபம் எடுக்காமல் அங்கேயே பந்தல் போட்டு நடத்துவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. செலவும் மிச்சம், வீட்டில் நடந்தது என்ற நிறைவும் உண்டு. ஆனால் நிலமோ கட்டுமானக்காரர்கள் விட்டுச் சென்ற கல்லும் மணலுமாகக் கிடந்தது.

இணைய அங்காடி ஒன்றில் புல் விதைப் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறார் தோழர். விளம்பரப் படத்தில் மணல்மேடுகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஒரு கோல்ஃப் திடல். ஏழே நாளில் முளைக்கும் என்ற உறுதிமொழி வேறு. இரண்டு பொட்டலம் வாங்கித் தூவினார். விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஐந்தாம் நாளே நிலம் முழுவதும் பச்சை மயிர்போல முளைவிட்டது. இரண்டாம் வாரம் அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து நானே வியந்தேன். நான்காம் வாரம் நுனி மஞ்சளானது. என்னிடம் யோசனை கேட்டார். தாவரம் படித்தவன் என்ற மிதப்பில் நானும், "தண்ணி பத்தல. சாயங்காலமும் நல்லா ஊத்து" என்றேன்.

அதுதான் நான் செய்த தவறு. அடுத்த வாரமே விடியற்காலையில் புல்லின்மேல் சிலந்திவலைபோல வெள்ளை நூல் படர்ந்தது. பிறகு உள்ளங்கை அகலத்திற்கு வட்டம் வட்டமாகப் புல் குழைந்து பழுப்பானது. நிச்சயதார்த்தத்திற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நேரில் போய்ப் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதில் இருந்தது ரைப்புல்.

பாலைவனத்தில் வளரும் புல் பூச்சோங்கில் ஏன் வளரவில்லை? தோழரின் கேள்வி நியாயமானது. விடை தெரிய, நாம் கொஞ்சம் தொலைவு போய்வர வேண்டும்.

அறுகு உறங்கும் ஊர்

பாலைவனம் என்றதும் நம் மனத்தில் எழுவது வெயில். ஆனால், பாலைவனத்தைப் பாலைவனமாக்குவது மழையின்மையே. குளிர்ந்த பாலைவனங்களும் உண்டு; கோடையில் எரிந்து மாரியில் குளிரும் பாலைவனங்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸ் இரண்டாம் வகை. 2023ஆம் ஆண்டு ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள்கள் அங்கே பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தொட்டது அல்லது தாண்டியது. அதே ஊரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். சில விடியல்களில் உறைபனியும் உண்டு. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் சராசரியாக 200 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவுதான். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓரிரு மாதங்களில் அவ்வளவு பெய்துவிடுகிறது.

அந்த ஊரில் வீட்டு முற்றங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் இருக்கும் புல்லை அமெரிக்கர்கள் 'பெர்முடா' என்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏதோ சீமைப்புல் என்று நினைத்துவிட வேண்டாம். தாவரவியலில் அதன் பெயர் சைனோடான் டாக்டைலான். நம் அறுகம்புல்லேதான்! பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே புல். கோல்ஃப் திடல்களில் பெரும்பாலும் அதை ஆப்பிரிக்க உறவு ஒன்றோடு இணைத்து உருவாக்கிய கலப்பினங்களை வளர்க்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்திலிருந்து 1960இல் வெளிவந்த 'டிஃப்வே' அவற்றுள் புகழ்பெற்றது. அது விதை தராது. தண்டைக் கிள்ளி நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

அறுகு வெயிலுக்குப் பிறந்த புல். இதற்குக் காரணம் அது உணவு சமைக்கும் முறையில் இருக்கிறது. எல்லாப் பச்சைத் தாவரங்களும் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை ஆக்குகின்றன. இதைப் பிடிக்கும் நொதிக்கு ஒரு குறை உண்டு. வெப்பம் ஏற ஏற அது கரியமில வாயுவுக்குப் பதிலாக உயிர்வளியைப் பிடித்து ஏமாறும். அப்படி ஏமாறும் ஒவ்வொரு முறையும் செடிக்கு நட்டம். கரும்பு, சோளம், அறுகு போன்றவை இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. வாயுவை முதலில் வேறோர் இடத்தில் பிடித்து, நான்கு கரிம அணுக்கள் கொண்ட பொருளாக்கி, உள்ளறைக்கு அனுப்பிக் குவிக்கின்றன. உள்ளறையில் கரியமில வாயு நிறைந்திருப்பதால் நொதி ஏமாற வாய்ப்புக் குறைவு. ஹேட்ச், ஸ்லேக் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்து 1966இல் இதை விளக்கினார்கள். இவ்வகைத் தாவரங்களைச் 'சி-4' என்றும், பழைய முறையிலேயே சமைப்பவற்றைச் 'சி-3' என்றும் அழைக்கிறோம்.

இந்த ஏற்பாடு வெயிலில் கைகொடுக்கும், குளிரில் கைவிடும். மண்ணின் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு இறங்கும்போது அறுகின் இலை வைக்கோல் நிறமாகிவிடும். புல் சாகவில்லை. மண்ணுக்கடியில் ஓடும் தண்டும் வேரும் உயிரோடு இருக்கும். அறுகுபோல வேரூன்றி வாழ வேண்டும் என்று மணமக்களைப் பெரியவர்கள் வாழ்த்துவதன் பொருள் அரிசோனாவின் ஜனவரியில்தான் சரியாக விளங்கும் போலும். மேலே எல்லாம் காய்ந்து கிடக்க, கீழே உயிர் காத்திருக்கும்.

புல் உறங்குவதில் என்ன குறை? அங்கேதான் மனிதரின் கணக்கு வருகிறது. ஃபீனிக்ஸ் வட்டாரத்திற்குச் சுற்றுப்பயணிகள் கூட்டமாக வருவது மாரிக்காலத்தில்தான். வடக்கே பனி கொட்டும்போது வெயில் காய வருகிறார்கள், கோல்ஃப் ஆட வருகிறார்கள். பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டி நடக்கிறது, தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. அறுகுக்கு உறக்கம் வரும் நேரமும் விருந்தினர் வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. வைக்கோல் நிறத் திடலில் ஆட யார் பணம் கட்டுவார்கள்?

ஆகவே, உறங்கும் புல்லின்மேல் குளிரை விரும்பும் வேறொரு புல்லை விதைக்கிறார்கள். இதை மேல்விதைப்பு எனலாம். அப்படி விதைக்கப்படும் புல்தான் ரைப்புல். ஆக, பாலைவனத்தில் ரைப்புல்லை விதைப்பது பாலைவன வெயிலைத் தாங்குவதற்கு அன்று, பாலைவனக் குளிருக்காக. தோழர் ஏமாந்த இடம் இதுதான். விளம்பரப் படத்தில் எந்த மாதம் என்று போட்டிருக்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் விருந்தாளி

ரைப்புல்லில் இரண்டு வகை பேசப்படும். ஓராண்டு வாழும் லோலியம் மல்டிஃபுளோரம் ஒன்று. பல்லாண்டு வாழும் லோலியம் பெரென்னே மற்றொன்று. இரண்டும் ஐரோப்பியப் பக்கத்து மேய்ச்சல் புற்கள். நீலகிரியின் குளிரில் தீவனப் புல்லாகவும் வளர்கின்றன. முற்றத்திற்கு ஏற்ற மெல்லிய இலை கொண்ட ரகங்கள் வந்தது பிறகுதான். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரீட் ஃபங்க் என்ற ஆய்வாளர், நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் காலம் காலமாக மிதிபட்டும் பிழைத்திருந்த ரைப்புல்லைத் தேடி எடுத்து, அதிலிருந்து 'மன்ஹாட்டன்' என்ற ரகத்தை உருவாக்கி 1967இல் வெளியிட்டார். மிதியடியில் தேறிய புல் உலகத் திடல்களுக்குப் போனது. இன்று விதையின் பெரும்பகுதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்லமெட் பள்ளத்தாக்கில் விளைகிறது.

விதைக்கும் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. இரவு வெப்பம் தொடர்ந்து 10க்கும் 15க்கும் இடைப்பட்ட டிகிரிக்கு வர வேண்டும். ஃபீனிக்ஸில் அது பெரும்பாலும் அக்டோபர். முந்தினால் அறுகு விழித்திருந்து முளையை நெருக்கும், வெயிலும் கருக்கும். பிந்தினால் விதை குளிர்ந்த மண்ணில் சோம்பிக் கிடக்கும். விதைப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுவார்கள். கடைசி வாரங்களில் தண்ணீரையும் குறைத்து, புல்லைச் சிறிது சிறிதாகத் தாழ வெட்டி, இறுதியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு மொட்டையடிப்பார்கள். விதை மண்ணைத் தொட வேண்டும். இலைமேல் விழுந்த விதை பறவைக்குத்தான். பிறகு நூறு சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிலோ விதை தூவி, மேலே மெல்லியதாக மக்கிய எரு. அக்டோபரில் ஃபீனிக்ஸ் தெருக்களில் மாட்டெரு நாற்றம் வீசுவதைப் பற்றி அவ்வூர்க்காரர்கள் ஆண்டுதோறும் புலம்புவதுண்டு.

அதன்பின் தண்ணீர். முளை வரும்வரை மேல்மண் காயவே கூடாது. ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து முறை, சில நிமிடங்களே ஆனாலும் தெளிக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நாளில் முளை வரும். மூன்றாம் வாரம் முதல் வெட்டு. பல கோல்ஃப் திடல்கள் இதற்காகவே சில வாரங்கள் மூடப்படும். நவம்பரில் திறக்கும்போது சுற்றிலும் மணல், நடுவே பளிச்சென்ற பச்சை.

ஏப்ரல்தோறும் தொலைக்காட்சியில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி பார்ப்பவர்கள் அந்தப் பச்சையை அறிவார்கள். அகஸ்டா பாலைவனம் அன்று. ஆனால் அங்கும் அறுகின்மேல் இலையுதிர்காலத்தில் ரைப்புல்லை விதைக்கிறார்கள். நாம் பார்த்து ஏங்கும் அந்தப் பச்சை பெரும்பாலும் ஒரு பருவத்திற்கு மட்டும் வந்து போகும் விருந்தாளியின் பச்சை.

விருந்தாளி போக மறுக்கும் சிக்கலும் உண்டு. வெயில் ஏறும்போது ரைப்புல் சாக வேண்டும், அறுகு விழிக்க வேண்டும். ஆனால் தேர்ந்த ரகங்கள் உறுதி மிக்கவை. மே, ஜூன் வரைகூடத் தாக்குப்பிடித்து அறுகின்மேல் நிழல் போடும். அறுகுக்கு நிழல் ஆகாது. ஆண்டில் ஏறக்குறைய நூறு நாளாவது போட்டியில்லாமல் வெயில் கிடைத்தால்தான் அடுத்த உறக்கத்திற்கு வேண்டிய மாவுச்சத்தைச் சேமிக்கும். ஆகவே, வசந்தத்தில் புல்லைத் தாழ வெட்டுவதும், தண்ணீரைச் சற்றே நிறுத்துவதும், அதுவும் போதாவிட்டால் ரைப்புல்லை மட்டும் கொல்லும் களைக்கொல்லியைத் தெளிப்பதும் வழக்கம். விதைத்ததைக் கொல்லவும் செலவு!

களைக்கொல்லி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நம் வீடுகளில் முந்திய தலைமுறைக்குப் புல் என்றால் பகை. பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் லாலாங் அழிக்கவும் களை அழிக்கவும் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்கள் அடித்த மருந்துகளில் கொடியதான பாராகுவாட்டுக்கு, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது. தோழரின் தந்தையும் தோட்டத்தில் வளர்ந்தவர். விதைப் பொட்டலத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கேட்டாராம்: "என்னாய்யா இது, புல்லுக்குக் காசு குடுத்து வெதை வாங்கியாந்திருக்க?"

தண்ணீர்க் கணக்கு

உறங்கும் அறுகுக்குத் தண்ணீர் ஏறக்குறைய வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒரு முறை நனைத்தால் போதும். மேல்விதைத்தாலோ, முளைக்க வைக்க ஒரு பங்கு, மாரி முழுவதும் வளர்க்க ஒரு பங்கு. இத்தனையும் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஊரில். ஃபீனிக்ஸும் லாஸ் வேகஸும் கொலராடோ ஆற்றை நம்பியிருக்கும் ஊர்கள். 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அந்த ஆற்றுக்கு வரலாற்றிலேயே முதன்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறையை அறிவித்தது. அதே ஆண்டில் நெவாடா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பார்ப்பதற்கு மட்டுமே இருக்கும், யாரும் மிதிக்காத அலங்காரப் புல்லுக்கு ஆற்றுநீர் பாய்ச்சுவதை 2027ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நிறுத்த வேண்டும் என்பது அது. சாலை நடுத்திட்டுப் புல்லுக்கும் அலுவலக வாசல் புல்லுக்கும் அதனால் முடிவு வந்தது. வீட்டு முற்றங்களும் கோல்ஃப் திடல்களும் அதில் சேரவில்லை.

வளைகுடாவிலும் இதே கணக்குத்தான், எண்கள் மட்டும் பெரியவை. மத்தியக் கிழக்கின் முதல் முழுப் புல் கோல்ஃப் திடலாக துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988இல் திறந்தது. கத்தாரில் 2022 உலகக் கிண்ணக் காற்பந்துக்காக வளர்த்த ஆட்டத்திடல் ஒவ்வொன்றுக்கும் மாரியில் நாளொன்றுக்கு 10,000 லிட்டரும் கோடையில் 50,000 லிட்டரும் தேவைப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கடல்நீரை உப்பு நீக்கி எடுத்த தண்ணீர் அது. அந்த நாடுகளின் பூங்காக்களில் குழாய் பிடித்து நிற்போரில் தமிழகத்திலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள் என்பது நாம் அறிந்ததே.

எல்லாரும் விதைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சில கோல்ஃப் திடல்கள் மேல்விதைப்பைக் கைவிட்டு, உறங்கும் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்கின்றன. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தண்ணீர் மிச்சமாகிறது, அறுகுக்கு நிழலும் இல்லை. என்னைக் கேட்டால், சாயம் விதையைவிட நேர்மையானது.

பெரிய பணம் போட்டாலும் புல் சொன்னபடி கேட்பதில்லை. 2023 பிப்ரவரி 12 அன்று, ஃபீனிக்ஸ் அருகேயுள்ள கிளெண்டேலில் அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் நடந்தது. ஓக்லஹோமாவில் உருவான 'டஹோமா 31' என்ற அறுகு ரகத்தின்மேல் ரைப்புல் விதைத்து, அந்த ஆட்டத்திற்கென்றே வளர்த்த புல். ஆட்டக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். பலர் நடு ஆட்டத்தில் காலணி மாற்றினார்கள். உலகமே பார்த்தது. என் தோழருக்கு இதைச் சொல்லி ஆறுதல் கூறப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பூச்சோங்கில் நடந்தது என்ன?

ரைப்புல் ஒரு சி-3 புல். 15 முதல் 24 டிகிரி அதற்கு இன்பம். பூச்சோங்கில் பகல் 32, 33 டிகிரி. அதையாவது பொறுத்துக்கொள்ளும். தாங்க முடியாதது இரவு. பகலில் சமைத்த சர்க்கரையை எல்லாச் செடியும் இரவில் சுவாசித்துச் செலவழிக்கும். இரவு குளிர்ந்தால் செலவு குறைவு. இரவு புழுங்கினால் செலவு கூடுதல். ஃபீனிக்ஸின் நவம்பர் இரவில் ரைப்புல் வரவில் பெரும்பகுதியைச் சேமிக்கிறது. பூச்சோங்கின் 24 டிகிரி இரவிலோ, பகல் வரவு சுருங்கிய நிலையில், இரவுச் செலவு அதை விழுங்கிவிடுகிறது. மாதக் கடைசியில் சம்பளம் பற்றாமல் சேமிப்பில் கைவைக்கும் குடும்பத்தைப் போல, புல் முதலில் வேரைக் குறைக்கிறது. வேர் குறைந்தால் நுனி மஞ்சளாகிறது. நான் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று தவறாகப் படித்த அடையாளம் அதுதான்.

நெல்லும் சி-3 தானே, அது எப்படி இங்கே விளைகிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நெல் எண்ணற்ற தலைமுறைகளாக வெப்பமண்டலத்திற்குப் பழகிய பயிர்; ரைப்புல்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த நெல்லுக்கும்கூட இரவு வெப்பம் பகைதான். பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வுக் கழகத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, பயிர்க் காலத்து இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைவதைக் காட்டியது.

வெள்ளை நூல் பித்தியம் என்னும் பூசணம் போன்ற நுண்ணுயிர். சூடும் ஈரமும் சேர்ந்த இரவு அதற்குத் திருவிழா. நலிந்த ரைப்புல் அதற்கு விருந்து. மாலையில் ஊற்றச் சொல்லி இலையை இரவெல்லாம் நனைய வைத்தவன் நான். புல் எப்படியும் செத்திருக்கும். ஆனால் நான் சொன்ன யோசனையால் இரண்டு வாரம் முன்னதாகவே செத்தது. அந்த இரண்டு வாரத்தையும், நிச்சயதார்த்தத்திற்கு மிச்சமிருந்த நாள்களையும் வைத்துப் பார்த்தால், அது சிறிய நட்டம் அன்று.

நம் ஊரில் உறங்கும் புல் என்பதே இல்லை. பூமத்தியரேகைக்கு வடக்கே மூன்று டிகிரியில் இருக்கிறோம். பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமம். பூச்சோங் கின்ராரா ஓவலில் 2008 மார்ச் 2ஆம் நாள், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் விராட் கோலி தலைமையிலான இந்திய அணி தென்னாப்பிரிக்காவை வென்றது. அதே மார்ச்சில் அரிசோனாவின் திடல்கள் ரைப்புல்லால்தான் பச்சையாக இருந்திருக்கும். இங்கே புல் தன் சொந்தப் பச்சையில் இருந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி மேல்விதைப்பு எப்படி என்பதன்று, எந்தப் புல் என்பதே.

அதற்கு விடை நம் காலடியில் இருக்கிறது. நாம் மாட்டுப் புல் என்று சொல்லும் ஆக்சோனோபஸ் கம்ப்ரெசஸ் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே ஊன்றிய புல். அகன்ற இலை, நிழல் தாங்கும், புளிப்பு மண்ணையும் பொறுக்கும். மிதிபடும் இடத்தில் பிலிப்பீன் புல் என்று விற்கும் சோய்சியா நன்று. விலை கூடுதல், படர நாளாகும். வெயில் கொட்டும் இடமானால் அறுகும் சரிதான், ஆனால் கார் கொட்டகையின் நிழலில் அது நிற்காது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திலும் நெடுங்காலம் இருந்தது மாட்டுப் புல்தான். ஆட்டத்திடல் மோசமானதாகப் பலத்த குறைகூறல் எழுந்தபிறகு 2023இல் அங்கே சோய்சியாவின் 'சியோன்' ரகம் பதிக்கப்பட்டது. தேசிய அரங்கத்திற்கே ஒரு வெப்பநாட்டுப் புல்லிலிருந்து இன்னொரு வெப்பநாட்டுப் புல்லுக்குத்தான் மாறினார்கள். குளிர்நாட்டுப் புல்லை யாரும் தேடவில்லை.

இணையத்தில் விதை வாங்குவோர் பொட்டலத்தின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பெயரைப் படிக்க வேண்டும். லோலியம், ஃபெஸ்டுகா, போவா, அக்ரோஸ்டிஸ் என்று தொடங்கும் பெயர்கள் இருந்தால் அவை குளிர்நாட்டுப் புற்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஆகா. சைனோடான், ஆக்சோனோபஸ், சோய்சியா, பாஸ்பாலம் என்று இருந்தால் நம்பலாம். பெயரே இல்லையென்றால் வாங்காதீர்கள். உண்மையில் இங்கே விதையைவிடப் பத்தையாக வாங்கிப் பதிப்பதே எளிது. சுங்கை பூலோவில் சாலையோரம் வரிசையாக இருக்கும் நாற்றங்கால்களில் கிடைக்கும். கல்லைப் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, ஐந்தாறு சென்டிமீட்டர் நல்ல மண் போட்டுச் சமன்செய்ய வேண்டும். பூச்சோங்கில் பல இடங்கள் பழைய ஈயச் சுரங்க நிலங்கள். அந்த மணலில் சத்தும் நிற்காது, தண்ணீரும் நிற்காது. பத்தையைப் பதித்துக் காலால் மிதித்து, இரண்டு வாரம் காலையில் மட்டும் தண்ணீர். மாலையில் வேண்டாம். அதை நான் கற்றுக்கொண்ட விதம்தான் உங்களுக்குத் தெரியுமே.

தோழர் வீட்டில் அதைச் செய்தது நானல்ல, அவர் தந்தை. செத்த புல்லைச் சுரண்டி எடுத்து, மண்வெட்டியோடு இரண்டு நாள் தனியாகவே கொத்தினார். உதவப் போன எங்களிடம், "நீங்க படிச்சவங்க, தம்பி. அந்தக் கல்ல மட்டும் பொறுக்குங்க, போதும்" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. லாரியில் வந்த மாட்டுப் புல் பத்தைகள் நிலம் முழுவதற்கும் போதவில்லை. சதுரங்கக் கட்டம்போல இடைவெளி விட்டுப் பதித்தார். மூன்று வாரத்தில் அது மூடாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நிச்சயதார்த்தத்தன்று பந்தலுக்குக் கீழே பாதி புல்லும் பாதி மண்ணுமாகத்தான் இருந்தது. மேலே கம்பளம் விரித்துவிட்டதால் மாப்பிள்ளை வீட்டார் கவனித்ததாகத் தெரியவில்லை. மஞ்சள் பிள்ளையாருக்கு அறுகு வேண்டும் என்று தோழரின் தாயார் கேட்டபோது, யாரும் விதைக்காமல் வாசல் கால்வாயோரச் சிமெண்டு வெடிப்பில் முளைத்திருந்ததைத் தந்தையே கிள்ளிக் கொண்டுவந்தார். மூன்று மாதம் கழித்து நான் போனபோது பத்தைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிலத்தை மூடியிருந்தன. தோழர் புல்வெட்டும் இயந்திரம் வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்டார். அவர் தந்தையைக் கேட்கச் சொன்னேன்.